தும்மல் கோப்பு

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். அலுவலகத்துக் காபி இயந்திரத்தில் பால் தீர்ந்திருந்தாலே போதும். அந்தச் செவ்வாய்க்கிழமை தீர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுப் பெண் ஓர் அழைப்பைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினாள்.

“அக்கா, தினமும் பதினோரு மணிக்குக் கூப்பிடுறார். நான் சொல்றது எதுவுமே அவர் காதுல ஏறல. நீங்க ஒரு தடவை அழுத்திச் சொல்லிடுங்க.”

அழுத்திச் சொல்வதென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனை வாங்கினேன்.

“மேடம், நான் பால் ஆலையில கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். போன வியாழக்கிழமை மத்தியானம் எங்க கழுவுற தொட்டி வழிஞ்சுபோச்சு. கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணி. நிரம்பினா உங்க மெஷின் வால்வை மூடிட்டு அலாரம் அடிக்கணும். அடிக்கல மேடம்.”

“அடிச்சிருக்கும். எங்க மெஷின் அப்படியெல்லாம் சும்மா இருக்காது. நீங்க தூங்கியிருப்பீங்க.”

“அதான் மேடம் எனக்கும் சந்தேகமா இருக்கு,” என்றார். “தூங்கினேனா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிடுறேன்.”

சண்டைக்கு வருவார் என்று அடுத்த வார்த்தையை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். அதை விழுங்க வேண்டியதாகிவிட்டது.

அவர் சொன்னது இதுதான். அறையின் கேமராவில் அவருடைய முதுகு தெரிகிறது. இடது கன்னத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். நாலு நிமிடம் அசைவே இல்லை. அந்த நாலு நிமிடத்தில்தான் தொட்டி வழிந்தது. திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்ததாக அவருக்கு ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தையே இப்போது அவர் நம்பவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம் வேறு.

“கீழ நின்னது என் மச்சினன் மேடம். என் பொண்டாட்டியோட கூடப்பிறந்த தம்பி. தண்ணி பூட்ஸுக்குள்ள போயிடுச்சு. இடது கால் முழுக்க வெந்துபோச்சு. வீட்டுல யாரும் என்னைத் திட்டல. திட்டினாக்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டை வச்சுட்டு அவ அந்தப் பக்கம் போயிடுறா. அன்னையிலேருந்து நான் தூங்கல. கண்ணை மூடினா, இப்படித்தான் அன்னைக்கும் மூடினியான்னு உள்ள ஒண்ணு கேக்குது.”

“இப்ப என்ன பண்ணப் போறாங்க?”

“வெள்ளிக்கிழமை விசாரணை. அசந்துட்டேன்னு எழுதிக் குடுத்தா வேலையை விட்டு எடுக்குறதோட விட்டுடுவாங்களாம். இல்லைன்னா கேஸ் போடுவாங்களாம். எழுதிக் குடுத்துடலாம்னுதான் இருக்கேன். ஆனா பொய்யா எழுதிக் குடுத்துடக் கூடாதுல்ல மேடம்?”

நான் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் கத்தியிருக்கிறேன். எவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மெஷினை மறுபடி இயக்கியபோது அன்றைய நிலையைச் சேமித்தாரா என்று கேட்டேன்.

“சேமிக்கவான்னு கேட்டுச்சு. கையேட்டுல ஆமான்னு அழுத்தச் சொல்லியிருக்கு, அழுத்தினேன். அந்த ஃபைலை அன்னைக்கே உங்களுக்கு அனுப்பிட்டேனே மேடம்.”

அனுப்பித்தான் இருந்தார். எங்களில் யாரும் திறக்கவில்லை. புகாரின் மேலே எங்கள் மேலாளர் ஒரே வரி எழுதியிருந்தார்: ஆபரேட்டர் உறங்கிவிட்டார், முடித்துவிடலாம். இந்த மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார். ஒன்றும் ஆகாது.

எங்கள் வேலையை இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நிஜக் கணினி ஒன்றுக்குள் நாலைந்து கணினிகள் தனித்தனியாக இருப்பதாகப் பாவனை செய்யும் மென்பொருளை எழுதுகிறோம். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். உள்ளே ஓடும் நிரலுக்குத் தான் இருப்பது பாவனைக் கணினி என்பது தெரியவே கூடாது. நிஜக் கணினி எதையெல்லாம் உறுதி சொல்கிறதோ அதையெல்லாம் நாங்களும் எழுத்துக்கு எழுத்து காப்பாற்ற வேண்டும். அதில் என் பங்கு இன்டரப்ட். வெளியில் ஏதாவது நடந்தால், ஒரு மிதவை உயர்ந்தால், ஒரு பொத்தான் அழுந்தினால், அது கணினியின் கதவைத் தட்டும். அந்தத் தட்டலைச் சரியான நேரத்தில், சரியான மெஷினிடம், ஒன்றுகூடத் தவறாமல் சேர்ப்பது என் பொறுப்பு. பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஆபீஸில் என்னைக் ‘கதவு’ என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும்.

ஃபைலைத் திறந்தேன். பால் ஆலையில் எங்கள் மென்பொருளுக்குள் இரண்டு மெஷின்கள் ஓடுகின்றன. ஒன்று தொட்டியைக் கவனிக்கிறது. இன்னொன்று திரையில் படம் காட்டுகிறது. தொட்டி மெஷினின் நிலையைப் பார்த்தேன். அது தூங்கிக்கொண்டிருந்தது.

அதில் தப்பில்லை. வேலை இல்லாதபோது தூங்கத்தான் வேண்டும், யாராவது தட்டினால் எழுந்துகொள்ளும். ஆனால் அதன் வேலைக் கூடையில் ஒரு சீட்டு கிடந்தது. மேல் மிதவை உயர்ந்தது, நேரம் இரண்டு மணி பதினேழு நிமிடம். கூடையில் வேலையை வைத்துக்கொண்டு எந்த மெஷினும் தூங்காது. இது தூங்கியிருக்கிறது.

தூங்கப் போகும் மெஷின் முதலில் கதவைத் தாழிடும். அடுத்து, கூடை காலியா என்று பார்க்கும். காலி என்றால் தாழைத் திறந்துவிட்டு, அடுத்த படியாகத் தூங்கும். இந்த இரண்டு படிகளுக்கு நடுவில்தான் ஆபத்து இருக்கிறது. தாழ் திறந்த மறுகணமே ஒருவர் உள்ளே வந்து கூடையில் சீட்டைப் போட்டுவிட்டுப் போனால்? மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடரும். விட்ட இடத்தில் எழுதியிருப்பது ‘தூங்கு’ என்பதுதான். கூடையைத்தான் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே. அதனால் நிஜ ப்ராசஸர் ஓர் உறுதி தருகிறது: தாழ் திறந்தபின் அடுத்த ஒரே ஒரு படி முடியும்வரை யாரையும் உள்ளே விடமாட்டேன். தட்டல் தூக்கத்தின்மேல்தான் விழும். விழுந்தால் எழுப்பும்.

எங்கள் மென்பொருள் அந்த ஒரு படி பொறுக்கவில்லை. வந்த தட்டலை நடுவிலேயே உள்ளே விட்டுவிட்டது. அந்த மிதவையோ ஒரு தடவைதான் தட்டும்.

எந்தக் கழுதை இதை எழுதியது என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு பழைய பதிவுகளைப் புரட்டினேன். மூன்று வருடம் முன்பு வரை அந்த இடத்தில் ஒரு கேள்வி இருந்திருக்கிறது: ‘தாழ் இப்போதுதான் திறந்ததா? அப்படியானால் பொறு.’ யாரோ அதை எடுத்திருந்தார்கள். ‘இது தேவையில்லை. நீக்கினேன். வேகம் நாலு சதவீதம் கூடியது. சோதனைகள் எல்லாம் பச்சை.’ கீழே இருந்தது என் பெயர்.

அந்த நாலு சதவீதத்துக்கு எனக்குக் கைதட்டினார்கள். கேக்கும் வெட்டினோம்.

சோதனைகள் எப்படிப் பச்சையாக இருந்தன? இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. குட்டி மெஷின் ஒன்றைத் தூங்கவைத்துப் பல்லாயிரம் தடவை தட்டும் சோதனை. அது சிக்கியிருக்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தும்மல் கோப்பு ஞாபகம் வந்தது.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சோதனை தோற்றால் கணினி அதைத் தானாகவே மறுபடி ஓட்டும். இரண்டாம் தடவை ஜெயித்துவிட்டால் பச்சை போட்டுவிடும். தோற்றதைப் பற்றி ஒரு வரி மட்டும் தனியாக ஒரு கோப்பில் விழும். சும்மா ஒரு தும்மல், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்தக் கோப்பை யாரும் பார்ப்பதில்லை. தினமும் நூறு வரி சேரும் கோப்பை யார் பார்ப்பார்கள்? இந்த ஏற்பாடு வந்தபிறகு அத்தனை பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். தும்மல் என்று பெயர் வைத்த புண்ணியவதியும் நான்தான்.

கோப்பில் தேடினேன். தூக்கச் சோதனை, மூன்று வருடத்தில் பதினேழு தடவை. தட்டியும் எழவில்லை, நேரம் கடந்தது, மறுபடி ஓட்டப்பட்டது, பச்சை. பதினேழு தடவை அது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் கணவர் கட்டில்மேல் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். என் முகத்தைப் பார்த்ததும், “இன்னைக்கு யாரு தலை உருண்டுச்சு?” என்றார்.

“என் தலைதான்.”

அவர் சட்டையைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, எனக்கே அது பிடிக்கவில்லை. ஒரு தலையணை உறையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“அது துவைச்சது,” என்றார்.

“இருக்கட்டும்.”

“சரி, அவர் தூங்கலைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. போய்ச் சொல்லிடு.”

மெஷின் தூங்கியது உறுதி. அவர் தூங்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேருமே தூங்கியிருக்கலாமே. அவர் என்னிடம் கேட்டது மெஷினைப் பற்றி இல்லை.

“தெரியாது,” என்றேன்.

“அப்பத் தேடு. இருட்டுல எழுத்து தெரியுதான்னு நான் யாரையாவது கேட்டா, சிலபேர் எனக்காகத் தெரியுதுன்னு சொல்லிடுவாங்க. அது அவங்களுக்கும் உதவாது, எனக்கும் உதவாது.”

மறுநாள் காலையில் அலுவலகத்தில் முதல் ஆளாக இருந்தேன். தொட்டி மெஷினை விட்டுவிட்டு, திரை மெஷினின் பதிவுகளை எடுத்தேன். அது தன்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துவைக்கும். இரண்டு பதினேழிலிருந்து வரிவரியாக இறங்கினேன்.

இரண்டு பதினெட்டு: ‘தொட்டி மட்டம் காட்டு’ பொத்தான். பதில், எழுபத்தொரு சதவீதம். இரண்டு பதினெட்டு, மறுபடி அதே பொத்தான். அதே எழுபத்தொன்று. இரண்டு பத்தொன்பது, மூன்றாம் தடவை. எழுபத்தொன்று. தொட்டி மெஷின் கடைசியாகத் தந்த எண்ணையே திரை மெஷின் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது, கூசாமல், பச்சை நிறத்தில். கன்னத்தை இடது கையில் தாங்கியவரின் வலது கை கேமராவில் தெரியவில்லை. அந்தக் கை வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. பழகின விரல், அவருக்கே ஞாபகம் இல்லை.

நேராக ஆகட்டுமின் அறைக்குப் போனேன்.

அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். “ஒரு கடிதம் போட்டுடலாமா? பொதுவா, ஒரு கோளாறு இருந்திருக்க வாய்ப்பு இருக்குன்னு.”

“கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த மனுஷன் தூங்கினேன்னு கையெழுத்துப் போட்டுடுவார். நானே போறேன்.”

“நீ போனா, போற இடத்துல வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டே.”

“அதுக்குத்தான் போறேன்.”

நான் அவரைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். திட்டவில்லை. மூன்று வருடம் முன்பு அந்த மாற்றத்தைப் படித்துச் சரி என்று ஒப்புதல் தந்தவர் அவர். அந்தப் பக்கத்தையும் திறந்துதான் வைத்திருந்தேன், அவர் கண்ணில் படும்படி. பார்த்தார்.

“ஆகட்டும்,” என்றார். பிறகு, முதல் தடவையாக, அதோடு நிறுத்தாமல் சொன்னார்: “போ. ஆனா நான்னு சொல்லாதே, நாங்கன்னு சொல்லு. அது நம்ம எல்லாரோட தும்மலும்தான்.”

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனேன். ஆலையின் மாடியில் நீளமான ஒரு தாழ்வாரம், அதன் கடைசியில் விசாரணை அறை. வெளியே மரப்பெஞ்சின் ஒரு முனையில் ஒடிசலான மனிதர் ஒருவர் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்திருந்தன. மறுமுனையில் இடது காலில் கட்டும் அக்குளில் கட்டையுமாக ஓர் இளைஞன். நடுவில் மூன்று பேர் உட்கார இடம் இருந்தது. நான் என் பெயரைச் சொன்னதும் ஆபரேட்டர் எழுந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. எழுதி முடித்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி.

“அதை மடிச்சுப் பையில வைங்க,” என்றேன். என் குரல் எனக்கே அதிகாரமாகத்தான் கேட்டது. அவர் வைத்துவிட்டார்.

எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரியாக ஓர் அம்மா இருந்தார், தலை பஞ்சாக நரைத்தவர். நான் படம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். தாழ், கூடை, ஒரு படி. பாதியில் கையை உயர்த்தினார்.

“இருங்க. அதாவது காவலுக்கு வச்ச மெஷின், செய்தி கைக்கு வந்தபிறகு தூங்கிப்போச்சு. அதைத் தூங்கவச்சது உங்க மென்பொருள். அப்படித்தானே?”

“ஆமா.”

“இதைத் தடுக்க வழி இல்லையா?”

“இருந்துச்சு. ஒரு கேள்வி இருந்துச்சு. அதை எடுத்தது நான்.” ஆகட்டுமின் முகம் ஒரு கணம் ஞாபகம் வந்தது. “சோதனை பதினேழு தடவை தப்புன்னு சொல்லுச்சு. அதைப் பார்க்காம விட்டது நாங்க எல்லாரும்.”

ஆலையின் அதிகாரி ஒருவர் செருமினார். “சரி மேடம், மெஷின் தூங்கினதாவே வச்சுக்குவோம். இவரும் தூங்கியிருக்கலாமே?”

அதற்குத்தான் காத்திருந்தேன். மூன்று வரிகளை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். மேஜைமேல் வைத்து, அந்த அம்மாவிடம் இல்லாமல் ஆபரேட்டரைப் பார்த்துத்தான் படித்தேன். நேரம், பொத்தான், பதில். நேரம், பொத்தான், பதில். நேரம், பொத்தான், பதில்.

“மூணு தடவை கேட்டிருக்கீங்க. மூணு தடவையும் மெஷின் உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கு. உங்களுக்கு என்னவோ சரியில்லைன்னு தோணியிருக்கு, அதான் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கீங்க.”

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப நான் தூங்கலையா மேடம்?”

“இல்லை. முழிச்சுட்டுதான் இருந்தீங்க. அன்னைக்குப் போன்ல நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சுடுங்க.”

அந்த இளைஞன் கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து, “பொத்தானை அழுத்தினேன்னு வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?” என்றான்.

“ஞாபகம் இல்லடா. சத்தியமா ஞாபகம் இல்ல.”

உத்தரவு தட்டச்சாகும்வரை எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த கேள்வியைத் திரும்ப வைத்தாகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டதாம். தானாக மறுபடி ஓட்டும் ஏற்பாட்டையும் நிறுத்தியாகிவிட்டது, காலையிலிருந்து திரை முழுக்கச் சிவப்பு, எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள் என்றார் ஆகட்டும். திட்டட்டும் என்றேன். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது பெஞ்சின் நடுவில் இடம் இல்லை. இளைஞன் மாமாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தான். அவர் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம், குறட்டைகூட வந்தது. எட்டு நாள் தூக்கம்.

அறைக் கதவு திறந்து, குமாஸ்தா ஒரு தாளும் பேனாவுமாக விறுவிறுவென்று வந்தார். “ஆர்டர் வந்துடுச்சு. திங்கட்கிழமையிலேருந்து வேலைக்கு வரலாம். வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடணும். எழுப்புப்பா.”

இளைஞன் தோளை அசைக்காமல் கையை மட்டும் நீட்டித் தாளை வாங்கினான். அதைத் தன் மடியில் வைத்து, காற்றில் பறக்காதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“கொஞ்சம் பொறுங்க சார். எந்திரிச்சதும் முதல் வேலையா இதைக் குடுத்துடுறேன்.”

“அவ்வளவு நேரமெல்லாம் முடியாதுப்பா. நீயும் இப்படியே உக்காந்து தூங்கிட்டா?”

“தூங்க மாட்டேன் சார்,” என்றான். “நான் பார்த்துக்குறேன். மாமா தூங்கட்டும்.”